வாய்க்குள்ள நீங்களே செக் பண்ணிக்கிறது எப்படி: எது நார்மல், எதை கவனிக்கணும், எதுக்கு உடனே ஆஸ்பத்திரி போகணும்

வாய் கேன்சர்னு சொன்னாலே எல்லாருக்கும் சிகரெட் பாக்கெட் மேல போட்டிருக்குற அந்த கோரமான படம்தான் ஞாபகம் வருது. அது ரொம்ப முத்திப்போன நிலைங்க. ஆரம்பத்துல அப்படி எதுவுமே இருக்காது. ஒரு சின்ன வெள்ளைத் திட்டு, இல்ல ஒரு சிவப்புத் திட்டு, இல்ல ஆறாத ஒரு புண்ணு, அவ்ளோதான், பாக்க சாதாரணமா இருக்கும், முக்கியமா பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லையேன்னு மாசக்கணக்குல விட்டுடுறாங்க, அந்த மாசங்கள்லதான் எல்லாம் கைமீறிப் போகுது.

இந்தியாவுல வருஷத்துக்கு 1 லட்சம் பேருக்கு மேல வாய் கேன்சர் புதுசா கண்டுபிடிக்கிறாங்க, ஆண்களுக்கு வர்ற கேன்சர்ல இதுதான் முதல் இடம். இதுல பாதிப்பேருக்கு மேல முத்தின பிறகுதான் வர்றாங்க. வயித்துக்குள்ள, நுரையீரலுக்குள்ள இருக்குற கட்டின்னா ஸ்கேன் எடுக்காம தெரியாது, சரி. ஆனா வாய் அப்படி இல்லையே, கண்ணாடி முன்னாடி நின்னு வாயைத் திறந்தா தெரியுற இடம். பல் டாக்டரா தினமும் வாய்க்குள்ள பாத்துட்டு இருக்குற எனக்கு இதுதான் பொறுக்கவே முடியாத விஷயம், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

வெறும் கண்ணால பாக்குறதுல என்ன பெருசா கண்டுபிடிச்சிட முடியும்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். திருவனந்தபுரம் பக்கத்துல 1996ல ஒரு பெரிய ஆய்வு ஆரம்பிச்சாங்க, 35 வயசுக்கு மேல உள்ள கிட்டத்தட்ட 1.9 லட்சம் பேரை எடுத்துகிட்டு, அதுல பாதி பஞ்சாயத்துகளுக்கு களப்பணியாளர்கள் வீடு வீடா போய் வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடிச்சுப் பாத்தாங்க. அவங்க டாக்டருங்க கூட இல்ல, ட்ரெய்னிங் குடுத்த சாதாரண பட்டதாரிங்க. 2005ல ரிசல்ட் வந்துச்சு, புகையிலை, குடி பழக்கம் உள்ளவங்க மத்தியில வாய் கேன்சர் சாவு 34 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. பயிற்சி எடுத்தவங்க பாக்குறதுக்கும் நாமளே பாத்துக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு, இல்லைன்னு சொல்லல, ஆனா தினமும் அந்த வாயோட இருக்குறது நீங்கதானே, மாற்றம் வந்தா முதல்ல தெரியவேண்டியது உங்களுக்குத்தான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

மாசத்துல ஒரு தடவை போதும். பல் விளக்கிட்டு, வாயை நல்லா கொப்பளிச்சுட்டு, பல்செட் போட்டிருந்தா கழட்டி வச்சுட்டு நில்லுங்க, பல்செட்டுக்கு அடியில உள்ளதைத்தான் யாருமே பாக்குறதில்ல. ஒரு கண்ணாடி, ஒரு டார்ச் (செல்போன் டார்ச்சே போதும்), சுத்தமான காட்டன் துணி, கன்னத்தை ஒதுக்க ஒரு ஸ்பூன். மஞ்சள் பல்ப் வெளிச்சத்துல மட்டும் பாக்காதீங்க, லேசான சிவப்பு அதுல தெரியாது. கையை சோப்பு போட்டு கழுவிக்கோங்க, ஏன்னா பாக்குறது பாதி வேலைதான், மீதிப் பாதி விரலால தடவிப் பாக்கணும்.

வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்களுக்கு நீங்க பாத்து விடுங்க. கண்ணு சரியா தெரியாதவங்க தனக்குத்தானே பாத்துக்க முடியாது.

கழுத்துல இருந்து ஆரம்பிங்க

முகத்தை நேரா வச்சு ரெண்டு பக்கமும் ஒரே அளவுல இருக்கான்னு பாருங்க. அப்புறம் தாடை எலும்புக்கு அடியில, காதுக்கு கீழ இருந்து கழுத்து ஓரமா தோள் எலும்பு வரைக்கும் விரல் நுனியால தடவிட்டே வாங்க, ரெண்டு பக்கமும். சளி புடிச்சாலோ பல்லு சீழ் வச்சாலோ நெறி கட்டும், அது வலிக்கும், தொட்டா நழுவும், ரெண்டு வாரத்துல அடங்கிடும். வலியே இல்லாம, கெட்டியா, அசையாம, நாளுக்கு நாள் பெருசாகுற கட்டின்னா அது வேற கதை, வாய்க்குள்ள ஒண்ணும் தெரியலைன்னாலும் டாக்டர்கிட்ட காட்டணும்.

உதடு

மேலுதட்டைத் தூக்கி, கீழுதட்டை மடக்கி உள்பக்கம் பாருங்க. சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிங்க இருந்தா அது எண்ணெய்ச் சுரப்பி, நிறைய பேருக்கு உண்டு, கன்னத்து உள்பக்கமும் இருக்கும், ஒண்ணும் பண்ண வேணாம். கீழுதட்டுல நீலமா மெத்துனு ஒரு சின்ன நீர்க்கட்டி, பல்லு கடிச்ச இடத்துல வரும், உடையும், திரும்ப வரும், அது எச்சில் சுரப்பி அடைப்பு, பல் டாக்டர் சின்னதா எடுத்துடுவாங்க. கூல் லிப் மாதிரி சின்ன புகையிலைப் பொட்டலம் வைக்கிற பசங்களுக்கு உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல வெளிறி சுருங்கின திட்டு ஒண்ணு இருக்கும், பழக்கத்தை நிறுத்தினா சில வாரத்துல அது பெரும்பாலும் மறைஞ்சிடும். நிறுத்தியும் மறையலைன்னா காட்டியே ஆகணும்.

கன்னம்: நம்ம ஊருக்கு இதுதான் முக்கியமான இடம்

இங்க கொஞ்சம் நின்னு நிதானமா பாருங்க. வெளிநாட்டுல வாய் கேன்சர் அதிகமா நாக்கு ஓரத்துலயும் நாக்குக்கு அடியிலயும் வருது, நம்ம நாட்டுல கன்னத்து உள்பக்கமும் கீழ் ஈறும் சேர்ற அந்த பள்ளத்துல வர்றது ரொம்ப அதிகம். காரணம் ஒண்ணும் மர்மமில்ல, வெத்தலை பாக்கு புகையிலையை அதக்கி வைக்கிற இடமே அதுதான், ராத்திரி தூங்கும்போது கூட அங்கயே வச்சுட்டு தூங்குறவங்க இருக்காங்க.

ஸ்பூனால கன்னத்தை வெளிப்பக்கமா இழுத்து, டார்ச் அடிச்சு, மேல் பள்ளம், கீழ் பள்ளம், கடைசி பல்லுக்குப் பின்னாடி உள்ள சதை வரைக்கும் பாருங்க. கடைவாய் கிட்ட கன்னத்துல, மேல் கடைவாய்ப்பல்லுக்கு நேரா ஒரு சின்ன சதை முனை இருக்கும், அது எச்சில் வர்ற வாசல், அதைப் பாத்து பயந்து வந்தவங்க நிறைய. பல்லும் பல்லும் சேர்ற மட்டத்துல கன்னத்துல ஒரு நீளமான வெள்ளைக் கோடு இருந்தா அதுவும் சாதாரணம். கன்னம் முழுக்க லேசா சாம்பல் வெள்ளையா தெரிஞ்சு, இழுத்துப் பிடிச்சா அந்த வெள்ளை மறைஞ்சா அதுவும் நார்மல்தான், நம்மள மாதிரி மாநிறம், கருப்பு நிறம் உள்ளவங்களுக்கு நிறைய இருக்கும்.

இப்ப கவனிக்க வேண்டிய வெள்ளைத் திட்டு எதுன்னா, துணியால துடைச்சாலும் போகாதது, இழுத்தாலும் மறையாதது, வேற காரணம் எதுவும் சொல்ல முடியாதது. துடைச்சா வழிச்சுகிட்டு வந்து அடியில சிவந்து தெரிஞ்சா பெரும்பாலும் பூஞ்சை, சுகர் உள்ளவங்களுக்கும் இன்ஹேலர் எடுக்குறவங்களுக்கும் வரும், மருந்துல சரியாகும். ரெண்டு கன்னத்துலயும் மெல்லிசா வலைப்பின்னலா வெள்ளைக் கோடு வந்து காரம் எரிஞ்சா அது லைக்கன் பிளேனஸ்னு ஒண்ணா இருக்கலாம், அதையும் டாக்டர் பாத்து உறுதி பண்ணி வருஷா வருஷம் கவனிக்கணும். துடைச்சும் போகாத திட்டுக்கு லூக்கோபிளேக்கியான்னு பேரு. எல்லா லூக்கோபிளேக்கியாவும் கேன்சரா மாறாது, கொஞ்ச பேருக்குத்தான் மாறும். ஆனா யாரோடது மாறும்னு கண்ணால பாத்து யாராலயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது, அதனாலதான் பயாப்சி, அதாவது சின்னதா சதை எடுத்து டெஸ்ட் பண்றது.

வெள்ளையை விட சிவப்புதான் ஆபத்து. இதை யாரும் எதிர்பாக்குறதில்ல. வலியில்லாம, ஓரம் தெளிவா தெரியுற மாதிரி, வழுவழுன்னு சிவந்த ஒரு திட்டு, காரம் பட்டதோ பல்லு கடிச்சதோ இல்லாம வாரக்கணக்குல இருந்தா அதை சதை எடுத்து டெஸ்ட் பண்ணும்போது பெரும்பாலும் ஏற்கனவே கேன்சராவோ அதுக்கு முந்தின நிலையாவோதான் இருக்கு. வெள்ளையும் சிவப்பும் கலந்து, மேல சொரசொரன்னு இருந்தாலும் அதே அவசரம்தான்.

ஈரோடு பக்கம் ஒரு கேம்ப்ல, அறுபது வயசு தாண்டின ஒரு பாட்டி, பல்லு ஆடுதுன்னு வந்தாங்க. இடது கன்னத்தை ஒதுக்கிப் பாத்தா பள்ளத்துல வெத்தலைச் சாறு கறை, அதைத் துடைச்சதுக்கு அப்புறம் அடியில ஒரு வெள்ளைத் திட்டு, அதுக்கு நடுவுல மட்டும் கொஞ்சம் சிவந்து குழிஞ்சிருந்துச்சு. "எத்தன நாளா இருக்குங்க பாட்டி?"ன்னு கேட்டேன். "அது பொங்கலுக்கு முன்னால இருந்தே இருக்குது கண்ணு, வலிக்கவா செய்யுது, அதான் உட்டுட்டேன்"னாங்க. விரலால தடவினா சுத்தி உள்ள சதை மெதுவா இருக்கு, அந்த இடம் மட்டும் கெட்டியா இருக்கு. பல்லு ஆடினதுக்குக் காரணமும் அதுதான். பாட்டிக்கு வலிச்சிருந்தா ரெண்டாவது நாளே வந்திருப்பாங்க.

அந்த கெட்டித்தன்மைதான் நீங்க விரலால தேடவேண்டியது. உங்க கன்னத்தை வெளிய ஒரு விரல், உள்ள ஒரு விரல் வச்சு நடுவுல பிடிச்சு உருட்டிப் பாருங்க, எல்லா இடமும் ஒரே மெதுவா இருக்கணும். எங்கயாவது மூக்கு நுனியைத் தொட்டா இருக்குற மாதிரி கெட்டியா தட்டுப்பட்டா, மேல தோல் நல்லா இருந்தாலும் காட்டுங்க.

ஈறு

நம்மளுக்கு ஈறு கருப்பா, பழுப்பா இருக்குறது பிறவி நிறம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பரவியிருக்கும், அதுல பயம் வேணாம். புதுசா ஒரே ஒரு இடத்துல கருப்புத் திட்டு வந்து வளர்ந்தா மட்டும் காட்டணும். கீழ்த் தாடையில நாக்குப் பக்கமா, இல்ல மேலண்ணத்துக்கு நடுவுல எலும்பே புடைச்சு கல்லு மாதிரி தட்டுப்பட்டா, அது வருஷக்கணக்கா அப்படியே இருந்தா, அது எலும்பு வளர்ச்சிதான். காரணமே இல்லாம ஒரே ஒரு பல்லு மட்டும் ஆடுறது, பல்லு புடுங்கின குழி வாரக்கணக்குல ஆறாம அதுல இருந்து சதை வளர்றது, இத்தனை வருஷம் சரியா இருந்த பல்செட் திடீர்னு உக்காராம போறது, கீழுதடு மரத்துப்போறது, இதெல்லாம் பல்லு பிரச்சனைன்னு நினைச்சு நாள் கடத்துற விஷயங்க. எக்ஸ்ரே எடுக்காம ஆடுற பல்லைப் புடுங்க சம்மதிக்காதீங்க.

நாக்கு

நாக்கை நீட்டி மேல்பக்கம் பாருங்க. பின்னாடி தொண்டை கிட்ட பெரிய பெரிய உருண்டைங்க வி வடிவத்துல வரிசையா இருக்கும், எட்டு பத்து இருக்கும், அது சுவை மொட்டு உள்ள இடம், எல்லாருக்கும் உண்டு. நெட்ல படிச்சுட்டு ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு அதை முதல் தடவையா பாத்து தூக்கம் தொலைச்சவங்களை நான் நிறைய பாத்துட்டேன், அது கட்டி இல்லைங்க. நாக்குல வெடிப்பு வெடிப்பா இருக்குறதும், சிவப்பு சிவப்பா தீவுங்க வந்து நாலு நாள்ல இடம் மாறுறதும் கேன்சர் இல்ல. இடம் மாறாம ஒரே எடத்துல உக்காந்திருக்குறதுதான் கவலை.

முக்கியமான இடம் ஓரம். காட்டன் துணியால நாக்கு நுனியைப் பிடிச்சு ஒரு பக்கமா நல்லா இழுத்து, கடைவாய்ப்பல்லு உரசுற ஓரத்தைப் பாருங்க, அப்புறம் அந்தப் பக்கம். ரொம்ப பின்னாடி ஓரத்துல செங்குத்தா மடிப்பு மடிப்பா இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா நார்மல். ரெண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாக்குறதுதான் இந்த செக் முழுக்க உங்களுக்கு இருக்குற பெரிய துணை, ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் இல்லாதது எதுவா இருந்தாலும் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

இந்த ஓரத்துல கூரான பல்லு கிழிச்சு புண்ணு வர்றது சகஜம். பல்லை தேய்ச்சு மழுக்கிட்டா ரெண்டு வாரத்துல ஆறணும். ஆறலைன்னா பல்லு மேல பழியைப் போடக்கூடாது. இன்னொண்ணு, சிகரெட், பாக்கு, குடி எதுவுமே தொடாதவங்களுக்கும் நாக்கு ஓரத்துல கேன்சர் வருது, பெண்களுக்கும் சின்ன வயசுக்காரங்களுக்கும் கூட. "எனக்குத்தான் எந்த பழக்கமும் இல்லையே"ன்னு இருக்காதீங்க.

அப்புறம் நாக்கை மேல மடக்கி அடிப்பக்கம். நீலமா நரம்பு புடைச்சுத் தெரியும், வயசானவங்களுக்கு நிறைய. நாக்குக்கு அடியில வாயோட தரைப் பகுதியை ஒரு விரல் உள்ள, இன்னொரு கை தாடைக்கு அடியில வச்சு அழுத்திப் பாருங்க. இந்த இடம் எச்சில்ல மூழ்கியே இருக்குறதால திட்டு வந்தாலும் கண்ணுக்குப் படாது, துணியால ஒத்தி எடுத்துட்டு பாருங்க.

மேலண்ணம், தொண்டை

தலையை அண்ணாந்து, ஆஆன்னு சொல்லி டார்ச் அடிச்சா தெரிஞ்சிடும். பீடி சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு அண்ணம் வெளிறி நடுநடுவுல சிவப்புப் புள்ளிங்க இருக்கும், புகையை நிறுத்தினா சரியாகும். ஆந்திரா கடலோரப் பகுதியில, விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பக்கம், சுருட்டோட நெருப்பு முனையை வாய்க்குள்ள வச்சு பிடிக்கிற பழக்கம் உண்டு, பெண்கள் நிறைய, அங்க அண்ணத்துல கேன்சர் அதிகமா வருது. ஒரு பக்கம் டான்சில் மட்டும் பெருசா இருக்குறது, முழுங்கும்போது ஒரே பக்கம் உறுத்தல், காதுல எந்த கோளாறும் இல்லாம ஒரு பக்கம் காது வலி, குரல் மாறி மூணு வாரத்துக்கு மேல இருக்குறது, இதுக்கெல்லாம் இ.என்.டி. டாக்டர்கிட்ட போகணும்.

மூணு விரல் டெஸ்ட்

உங்க ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூணையும் சேத்து செங்குத்தா மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல விடுங்க. போகணும். ரெண்டு விரல்தான் போகுதுன்னா, பாக்கு பழக்கமும் இருந்தா, அது வாய்க்குள்ள சதை இறுகிப்போற நோயா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். இதுக்கு புகையிலையே தேவையில்ல, பாக்கு ஒண்ணே போதும். முதல்ல காரம் தாங்காது, ரசம் சாப்பிட்டாலே எரியும், அப்புறம் கன்னத்து உள்பக்கம் வெளிறும், தடவினா கயிறு கயிறா தட்டுப்படும், அப்புறம் விசில் அடிக்க முடியாது, நாக்கு முழுசா வெளிய வராது. ஸ்கூல் பசங்க வாங்குற இனிப்புப் பாக்கு பாக்கெட்லயும் இருக்குறது அதே பாக்குதான். பாக்கும் புகையிலை சேராத வெத்தலையும் கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆய்வு அமைப்பே 2004ல சொல்லியாச்சு. வீட்டுல பெரியவங்க விசேஷத்துக்கு ஒரு தடவை போட்டா பரவால்லன்னு விட்டுடலாம், தினமும் போடுறவங்ககிட்ட உக்காந்து பேசியே ஆகணும். இறுகின சதை முழுசா பழையபடி ஆகாது, பாக்கை நிறுத்தினா மேற்கொண்டு இறுகுறதை தடுக்கலாம், வாய் திறக்குற பயிற்சியும் ஊசியும் ஓரளவு உதவும், அதோட கேன்சர் ஆபத்து இருக்குறதால தொடர்ந்து செக்கப் போகணும்.

புண்ணுக்கு ரெண்டு வாரக் கணக்கு

சாதாரண வாய்ப்புண் சின்னதா, வட்டமா, சுத்தி சிவந்து, நடுவுல மஞ்சளா, தொட்டா உயிர் போற மாதிரி வலிக்கும். ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா போயிடும், அப்புறம் வேற இடத்துல வரும். மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்க, தேங்காய்ப்பால் குடிங்க, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போடுங்க, தப்பில்ல, ஆனா முதல் நாளே காலண்டர்ல ஒரு குறி போட்டுட்டு பண்ணுங்க. போன்ல ஒரு போட்டோவும் எடுத்து வச்சுக்கோங்க, பத்து நாள் கழிச்சு "அப்ப இருந்ததை விட பெருசா சின்னதா"ன்னு ஞாபகத்துல இருந்து சொல்லவே முடியாது, போட்டோ சொல்லிடும். ரெண்டு வாரம் தாண்டியும் அதே இடத்துல இருக்கு, ஓரம் தடிச்சு மடிஞ்சிருக்கு, கெட்டியா இருக்கு, லேசா பட்டாலே ரத்தம் வருதுன்னா அதுக்கு மேல கீரையும் வேணாம் ஜெல்லும் வேணாம். மெடிக்கல் ஷாப்ல வாங்குற சில ஜெல்லுல ஸ்டீராய்டு இருக்கும், மரத்துப்போக வைக்கிற மருந்து இருக்கும், எரிச்சல் குறையும், புண்ணு அப்படியே உள்ள இருக்கும். அதுலயே ஆறு மாசம் போனவங்க உண்டு.

டாக்டர்கிட்ட போனா என்ன நடக்கும்

பக்கத்துல இருக்குற பல் டாக்டரே போதும் முதல்ல. அரசு ஆஸ்பத்திரியில பல் ஓ.பி. இருக்கு, 30 வயசு தாண்டினவங்களுக்கு வாய் கேன்சர் ஸ்கிரீனிங் அரசுத் திட்டத்துலயே இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. சென்னையில அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, கேன்சர் சிகிச்சைக்கு 1954ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கின அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், காஞ்சிபுரம் காரப்பேட்டையில அரசு அண்ணா கேன்சர் ஆஸ்பத்திரி இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா செலவுக்கும் வழி உண்டு. போனதும் "வாய்ப்புண்ணு டாக்டர்"னு மட்டும் சொல்லாதீங்க. எந்த இடம், எத்தனை வாரமா, என்ன பழக்கம் எத்தனை வருஷமா, இதை ஒளிக்காம சொல்லுங்க, போட்டோவை காட்டுங்க. பழக்கத்தைக் கேட்டு திட்டுவாங்கன்னு மறைக்கிறவங்கதான் அதிகம்.

சந்தேகம் இருந்தா பயாப்சி. மரத்துப்போற ஊசி போட்டு ஒரு சின்ன சதைத் துண்டு எடுப்பாங்க, தேவைப்பட்டா ஒரு ரெண்டு தையல், அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். "கத்தி பட்டா பரவிடும்"னு சொல்லி பயாப்சிக்கு விடாம கூட்டிட்டுப் போயிடுற சொந்தக்காரங்க எல்லா குடும்பத்துலயும் இருக்காங்க. பயாப்சியால வாய் கேன்சர் பரவாது. பரவினது எல்லாம் டெஸ்ட் பண்ணாம காத்திருந்த நாள்லதான். 2 செ.மீ.க்குள்ள, ஆழம் 5 மி.மீ.க்குள்ள இருக்கும்போதே கண்டுபிடிச்சா பெரும்பாலும் ஆபரேஷனோட முடிஞ்சிடும், பெரும்பாலானவங்க குணமாகி பழையபடி பேசி சாப்பிட்டு இருக்காங்க. கழுத்துக்கு பரவின பிறகு ஆபரேஷன், கரன்ட் வைக்கிறது (ரேடியேஷன்), கீமோன்னு எல்லாம் சேரும், அப்பவும் நம்பிக்கை இருக்கு, ஆனா உடம்பு படுற பாடு வேற.

தமிழ்நாட்டுல குட்கா, பான் மசாலாவுக்கு 2013ல இருந்து தடை, இருந்தாலும் கிடைச்சுகிட்டுதான் இருக்கு. விட முடியாம தவிக்கிறவங்க 1800-11-2356க்கு போன் பண்ணலாம், இலவசம், புகையிலை பாக்கெட்லயே அந்த நம்பர் இருக்கு.

பயாப்சி ரிப்போர்ட்ல டிஸ்பிளாசியான்னு வந்தா அது கேன்சர் இல்ல, செல்லு மாற ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம், எவ்ளோ தூரம் மாறியிருக்குங்கிறதை வச்சு எடுத்துடுறதா, கவனிச்சுட்டே இருக்குறதான்னு டாக்டர் முடிவு பண்ணுவாங்க, கூப்பிட்ட தேதிக்கு போயிடுங்க. ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்து, புண்ணு மட்டும் இன்னும் ஆறாம அப்படியே இருந்துச்சுன்னா, பேப்பரை நம்பி வீட்டுல உக்காந்துடாதீங்க. எடுத்த துண்டு சரியான இடத்துல இருந்து வராம போயிருக்கலாம். திரும்பப் போய் மறுபடி பயாப்சி எடுக்கச் சொல்லிக் கேளுங்க, கேக்குறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு.